சிறுமுதல் படங்களும் பெரும்புகழ் நடிகரும்

திரைப்படம் எடுப்பதற்குக் கதை வேண்டும், கருவி வேண்டும், முதல் வேண்டும். கதை உடையவனிடம் பெரும்பாலும் முதல் இருப்பதில்லை. முதல் உடையவனுக்கோ கதையின்மேல் நம்பிக்கை பிறப்பதில்லை. இவ்விருவரையும் ஒரே பாயில் அமர்த்திவைக்கும் ஆற்றல் நான்காவது பொருள் ஒன்றுக்கு உண்டு. புகழ்பெற்ற நடிகரின் பெயரே அது.

பெரிய படநிலையங்களின் துணையின்றிச் சிறுமுதலைக் கொண்டு எடுக்கப்பட்ட நல்ல படங்கள் யாவும் புதுமுகங்களையே நம்பி எழுந்தவை என்று கருதுவோர் பலர். புகழ்பெற்ற நடிகரை அமர்த்தினால் கலை கெடும் என்பது ஒரு சாரார் கொள்கை; அவரின்றிப் படம் ஓடாது என்பது மற்றொரு சாரார் கொள்கை. வரலாற்றைப் புரட்டினால் இவ்விரு கொள்கைகளும் முழு உண்மையாகா என்பது தெளிவாகும். உலகத் திரைக்கலையின் போக்கையே மாற்றியதாகப் போற்றப்பெறும் ஒரு சிறுமுதல் படம், மக்கள் நன்கறிந்த இரு நகைச்சுவை நடிகரின் தோள்மீது நின்றே உலகைக் கண்டது. இத்தாலி நாட்டில் 1945ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோம், திறந்த நகரம்' என்பதே அப்படம். அதன் வரலாற்றையும், அதன் வழியே கல்கத்தாவிலும் சென்னையிலும் நிகழ்ந்த சில முயற்சிகளையும் நோக்குவோமாயின், புகழ்பெற்ற நடிகர் ஓர் ஏழைப் படத்திற்கு எதைத் தருகிறார், எதை எடுத்துக்கொள்கிறார் என்னும் கணக்கு விளங்கும்.

போரில் நொந்த நகரம்

1943 ஆகஸ்ட் 14ஆம் நாள் இத்தாலிய அரசு தன் தலைநகரைத் 'திறந்த நகரம்' என அறிவித்தது. படைகொண்டு காக்கப்படாத நகரம், ஆதலால் எவரும் தாக்கலாகாத நகரம் என்பது அச்சொல்லின் பொருள். அறிவிப்பு ஏட்டளவிலேயே நின்றது. செப்டம்பர் மாதம் ஜெர்மானியப் படை நகரைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. நேச நாட்டுப் படைகள் 1944 ஜூன் 4ஆம் நாள் நகருள் நுழையும்வரை, ஏறத்தாழ ஒன்பது திங்கள் அந்நகரம் அச்சத்தில் உறைந்து கிடந்தது.

அக்காலத்தில் நிகழ்ந்த மூன்று சாவுகளை ரோம் மக்கள் மறக்கவில்லை. 1944 மார்ச் 3ஆம் நாள், கைது செய்யப்பட்ட தன் கணவனைக் காணப் படைவீட்டின் முன் திரண்ட பெண்களோடு நின்ற தெரேசா குல்லாச்சே என்னும் கருவுற்ற தாய் சுட்டுக் கொல்லப்பட்டாள். அதே திங்கள் 24ஆம் நாள், நகருக்கு வெளியே அர்தேயாட்டினே குகைகளில் 335 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பியெத்ரோ பாப்பகல்லோ என்னும் பாதிரியாரும் ஒருவர். ஏப்ரல் 3ஆம் நாள், விடுதலைப் போராளிகளுக்குத் துணை நின்ற ஜுசெப்பே மொரொசீனி என்னும் மற்றொரு பாதிரியார் சுடப்பட்டார்.

நகரம் விடுதலை பெற்றதும், இயக்குநர் ராபர்ட்டோ ரோசெல்லினி இந்நிகழ்ச்சிகளைப் படமாக்க முனைந்தார். தொடக்கத்தில் மொரொசீனி பாதிரியாரைப் பற்றிய சிறு செய்திப்படம் ஒன்றே திட்டமாக இருந்தது. செர்ஜியோ அமிதேயியும் அக்காலத்தில் இளைஞராயிருந்த பெடரிக்கோ பெல்லினியும் எழுத்துப் பணியில் சேர, அது முழுநீளக் கதையாக வளர்ந்தது. இரு பாதிரியாரும் இணைந்து 'டான் பியெத்ரோ' என்னும் ஒரே பாத்திரம் ஆயினர். சுடப்பட்ட தாய் 'பீனா' ஆனாள்.

கதை வளர்ந்த அளவுக்கு முதல் வளரவில்லை. 1937இல் திறக்கப்பட்ட 'சினெசிட்டா' என்னும் பெரிய படநிலையம் குண்டுவீச்சுக்கு ஆளாகி, வீடிழந்த அகதிகளின் தங்குமிடமாகியிருந்தது. 1945 ஜனவரியில் படப்பிடிப்புத் தொடங்கியபோது வட இத்தாலியில் போர் இன்னும் ஓயவில்லை. நகரின் நடுவே ஒரு பழைய கூடத்தில் அறைகளை அமைத்து உட்காட்சிகளை எடுத்தனர். மின்சாரமும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஒலியைப் பதியும் செலவைக் குறைக்க, படத்தை ஊமையாகவே எடுத்துவிட்டு, நடிகரின் குரலைப் பின்னர்ச் சேர்த்தனர். தம் வீட்டுப் பொருள்களையும் விற்றுச் செலவு செய்ததாக ரோசெல்லினி பின்னாளில் கூறியதுண்டு.

இப்படத்தைப் பற்றிப் புனைகதைகளும் பல எழுந்தன. தெருப் புகைப்படக்காரரிடம் கெஞ்சி வாங்கிய துண்டுச் சுருள்களை ஒட்டியே படம் முழுதும் எடுக்கப்பட்டது என்பது அவற்றுள் ஒன்று. 1990களில் மூலச்சுருளைப் புதுப்பித்தவர்கள் ஆராய்ந்தபோது, சில வகைச் சுருள்களே அதில் பயன்பட்டிருந்தமை தெரியவந்தது. வறுமை உண்மை, ஆனால் அது கொஞ்சம் கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறது. நடிகர் யாவரும் தெருவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்னும் மற்றொரு கதையும் இத்தகையதே.

நகைச்சுவையாளர் இருவர்

டான் பியெத்ரோவாக நடித்த ஆல்டோ பாப்ரீசி, ரோம் நகரத்து மேடைகளில் பெயர்பெற்ற நகைச்சுவையாளர். பருத்த உடலும், நகரத்து எளிய மக்களின் பேச்சு வழக்கும் அவருடைய முதலீடு. 1942இல் திரைக்கு வந்து, பேருந்து நடத்துநராகவும் மீன் வணிகராகவும் நடித்து மக்களைச் சிரிக்கவைத்தவர். பீனாவாக நடித்த அன்னா மன்யானி, போர்க்காலத்தில் 'தோதோ' என்னும் பெரும் நகைச்சுவை நடிகரோடு மேடைக் கதம்ப நிகழ்ச்சிகளில் ஆடிப் பாடியவர். 1943இல் வெளிவந்த 'காம்போ தெ பியோரி' என்னும் படத்தில் இவ்விருவரும் சேர்ந்தே நடித்திருந்தனர். அதில் பாப்ரீசி மீன் விற்பவர். மன்யானி பழம் விற்பவர். சந்தையில் இருவரும் வாய்ச்சண்டையிடுவதைக் கண்டு மகிழ்ந்த அதே மக்கள்தாம், ஈராண்டு கழித்து அவர்களைப் பாதிரியாராகவும் சுடப்படும் தாயாகவும் காணவிருந்தனர்.

இவர்களை அமர்த்தியது எளிதில் முடிந்த செயலன்று. ரோசெல்லினிக்கும் பாப்ரீசிக்கும் நெருங்கிய பழக்கம் இல்லை. பெல்லினியோ பாப்ரீசியின் நண்பர். அவர் நடித்த படங்களுக்கு எழுதியவர். நகரம் விடுதலை பெற்றபின் பெல்லினி ஒரு கடை வைத்து, நேச நாட்டுப் படைவீரரின் முகங்களைக் கேலிச் சித்திரமாக வரைந்து கொடுத்துப் பிழைத்துவந்தார். ரோசெல்லினி அக்கடைக்குச் சென்று, முதலில் கேட்ட உதவி எழுத்துதவி அன்று. பாப்ரீசியை இணங்கவைக்கும் உதவியே. ஊதியத்தில் பாப்ரீசி எளிதில் இறங்கிவரவில்லை என்று பெல்லினி பின்னாளில் நினைவுகூர்ந்தார். திரைக்கலையின் பெருந்தலைவருள் ஒருவராகப் பிற்காலத்தில் விளங்கிய பெல்லினி, அப்படத்தின் வாயிலுக்குள் நுழைந்தது ஒரு நடிகரை அமர்த்தித் தரும் தூதராகத்தான்.

பீனா பாத்திரத்திற்கு முதலில் கருதப்பட்டவர் கிளாரா கலமாயி என்னும் அழகிய நடிகை. அவர் வேறொரு படத்தில் கட்டுப்பட்டிருந்தமையால் மன்யானிக்கு அவ்வாய்ப்பு வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1943இல் லுக்கீனோ விஸ்கோந்தி எடுத்த 'ஒசெஸியோனே' படத்தில் முதலில் நடிக்க இருந்தவர் மன்யானி. அவர் கருவுற்றிருந்தமையால் அப்பாத்திரம் கலமாயிக்குச் சென்றது. ஒருவர் விட்டுச்சென்ற இடத்தில் மற்றவர் அமர, இரு படங்களும் வரலாற்றில் நிலைத்தன.

முதல் இல்லாத ஒரு படம் ஊதியம் மிகுந்த நடிகரை நாடியது ஏன்? விடை எளிது. போர் முடியாத நாட்டில், துயரமும் சாவும் நிறைந்த ஒரு கதைக்குப் பணம் தருபவன், அதை எவர் பார்க்க வருவார் என்று கேட்பான். பாப்ரீசி, மன்யானி என்னும் பெயர்களே அக்கேள்விக்கு விடை. கடன் வாங்குவோன் நிலப்பட்டாவை ஈடாக வைப்பதுபோலப் படமெடுப்போன் நடிகரின் பெயரை ஈடாக வைக்கிறான். பெயர் செய்யும் முதற்பணி இதுவே.

நகையும் அழுகையும்

ஆனால் ரோசெல்லினி அவர்களுடைய பெயரை மட்டும் பயன்படுத்தி நிறுத்தவில்லை. அவர்கள் எதனால் புகழ்பெற்றார்களோ அதனை வேறொன்றாக மாற்றினார்.

படத்தில் டான் பியெத்ரோ முதலில் தோன்றும்போது சிறுவரோடு பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார். சிலைகள் விற்கும் கடைக்குச் சென்றவர், ஆடையற்ற பெண்ணின் சிலை ஒன்று புனிதர் ஒருவரின் சிலையை நோக்கியிருப்பதைக் கண்டு, நாணத்தோடு அதனைத் திருப்பி வைக்கிறார். அரங்கில் சிரிப்பு எழுகிறது. இது மக்கள் அறிந்த பழைய பாப்ரீசிதான். பின்னர், ஜெர்மானியர் குடியிருப்பைச் சோதனையிடுகையில், ஒளித்து வைத்த படைக்கலங்களை மறைப்பதற்காக, சாகும் நிலையில் கிடப்பவராகக் காட்டவேண்டிய கிழவர் ஒருவர் அடங்காமல் முரண்டு பிடிக்க, பாதிரியார் வாணலியால் அவர் தலையில் அடித்து மயங்கவைக்கிறார். மீண்டும் சிரிப்பு. அச்சிரிப்பு அடங்குமுன், கீழே தெருவில், பிடித்துச் செல்லப்படும் தன் காதலனின் வண்டிக்குப் பின்னே பீனா ஓடுகிறாள். அன்று அவளுக்குத் திருமணம். துப்பாக்கி முழங்குகிறது. அவள் நடுத்தெருவில் வீழ்ந்து மடிகிறாள்.

படம் பாதியளவே முடிந்திருக்கும் இடம் அது. ஊதியம் கொடுத்து அமர்த்திய புகழ்பெற்ற நடிகையை, மக்கள் யாரைக் காண வந்தார்களோ அவரை, இடைவழியிலேயே கதை பறித்துக்கொள்கிறது. புதுமுகம் ஒருத்தி அவ்விடத்தில் வீழ்ந்திருந்தால் அது ஒரு பாத்திரத்தின் சாவாக மட்டும் இருந்திருக்கும். தாங்கள் பல்லாண்டு அறிந்து மகிழ்ந்த ஒருத்தி வீழ்ந்தமையால், தங்கள் தெருவிலேயே ஒருத்தியை இழந்த துயரத்தை ரோம் மக்கள் அடைந்தனர். இறுதியில் பாப்ரீசி நாற்காலியில் கட்டப்பட்டுச் சுடப்படும்போது, படத்தின் தொடக்கத்தில் அவரோடு பந்தாடிய சிறுவர் வேலிக்கு அப்பால் நின்று சீழ்க்கையடித்துத் தாங்கள் இருப்பதை அவருக்கு உணர்த்துகின்றனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணுங்கால் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். இரண்டும் அடுத்தடுத்து நிற்பதன் பொருத்தத்தை வகுப்பில் நூற்பாவைக் கொண்டு விளக்குவது ஒரு முறை. இப்படத்தின் அந்த ஐந்து நிமிடக் காட்சியைக் கொண்டு விளக்குவது மற்றொரு முறை. சிரிக்கவைக்கும் ஆற்றல் உடையவனே நன்கு அழவைக்கவும் வல்லவன் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இவ்விருவரைச் சுற்றி நின்றவர் பெரும்பாலும் மக்கள் அறியாதவர். போராளித் தலைவனாக நடித்த மார்ச்செல்லோ பல்யேரோ எழுத்தும் இயக்கமும் தொழிலாகக் கொண்டவர். ஜெர்மானிய அதிகாரியாக வந்த ஹாரி பெய்ஸ்ட் நடனக்காரர். பீனாவின் மகன், ரோம் நகரத்துச் சிறுவன் ஒருவன். புகழ்பெற்றவரும் பெயரற்றவரும் ஒரே படிக்கட்டில், ஒரே ரொட்டிக் கடை முன்னே, ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நின்றனர். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்திரே பாசின் 1948இல் எழுதிய கட்டுரையில் இதனை உலோகக் கலவைக்கு ஒப்பிட்டார். தொழில் நடிகர் இல்லாமையன்று இத்தாலியப் படங்களின் சிறப்பு. தொழில் நடிகரையும் பிறரையும் கலந்து, அந்நடிகரை அவர் வழக்கமாக நடிக்கும் பாத்திரத்தில் அமர்த்தாமல் விடுவதே சிறப்பு என்பது அவர் கண்ட முடிவு. பொன்னோடு செம்பு சேர்ந்தாலன்றி அணி உறுதிப்படாது என்பது நம் பொற்கொல்லர் அறிந்த செய்திதானே.

1945 செப்டம்பரில் ரோமில் திரையிடப்பட்ட இப்படம் அந்தப் பருவத்தில் இத்தாலியில் மிகுதியாக வசூல் ஈட்டிய படமாயிற்று. 1946இல் நியூயார்க்கில் ஒரே அரங்கில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. அமெரிக்கருக்கு மன்யானியின் பெயரும் தெரியாது. பாப்ரீசியின் பெயரும் தெரியாது. பெயர் திறந்துவைத்த வாயில் வழியே படம் வந்தது. பெயர் செல்லாத நாட்டில் படம் தன் காலிலேயே நடந்தது.

மறுக்கப்பட்ட பணம்

மூன்றாண்டு கழிந்து, இதே கேள்வி மற்றோர் இத்தாலிய இயக்குநர் முன் வேறு வடிவில் வந்து நின்றது. விட்டோரியோ டி சிக்கா, எழுத்தாளர் செசரே சவாட்டீனியோடு சேர்ந்து, சைக்கிளைத் திருட்டுக் கொடுத்த ஒரு தொழிலாளியின் கதையைப் படமாக்க முதல் தேடினார். அமெரிக்கப் பெருமுதலாளி டேவிட் செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். ஆனால் தொழிலாளியாகக் கேரி கிராண்ட் நடிக்க வேண்டும் என்றார். டி சிக்கா, ஹென்றி ஃபாண்டாவாயின் கருதலாம் என்றார். உடன்பாடு ஏற்படவில்லை. பணம் போயிற்று. வேறு வழிகளில் இத்தாலியிலேயே முதல் திரட்டப்பட்டது.

இம்மறுப்பைத் தூய கலைப்பற்று என்று மட்டும் கொள்ளுதல் போதாது. கேரி கிராண்ட் சிறந்த நடிகர் என்பதில் ஐயமில்லை. எனினும் மாடமாளிகைகளில் உலாவிய அம்முகம், அடகு வைத்த படுக்கை விரிப்புகளுக்கு ஈடாகச் சைக்கிளை மீட்கும் ஒருவனுடைய முகமாகத் தோன்றுவது எங்ஙனம்? ஒரு சைக்கிள் தொலைந்தால் அவனுக்கு என்ன குறைந்துவிடும் என்றே பார்ப்பவர் மனம் எண்ணும். பாப்ரீசியும் மன்யானியும் ரோம் நகரத்து எளிய மக்களின் முகமாகவே புகழ்பெற்றவர்கள்; ஆதலால் அவர்கள் கதைக்குள் அடங்கினர். கேரி கிராண்டின் புகழ் இக்கதைக்குப் பகையாக நின்றிருக்கும்.

டி சிக்கா தெரிந்தெடுத்தவர் லம்பெர்ட்டோ மாஜொரானி என்னும் ஆலைத் தொழிலாளி. மகனை நடிக்கவைக்கும் எண்ணத்தோடு சிறுவர் தேர்வுக்கு அழைத்துவந்த தந்தை அவர். மகனை விட்டுத் தந்தையைப் பிடித்துக்கொண்டார் டி சிக்கா. படம் முடிந்ததும் ஆலைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது உடன்பாடு. 'சைக்கிள் திருடர்கள்' 1948இல் வெளிவந்து உலகப் புகழ் எய்தியது. மாஜொரானி ஆலைக்குத் திரும்பினார். சில காலத்தில் ஆட்குறைப்பு வந்தது. படத்தில் நடித்துப் பணம் சேர்த்திருப்பார் என்னும் எண்ணமும் சேர்ந்துகொள்ள, வேலையிழந்தோருள் அவரும் ஒருவரானார். பின்னர்ச் சிறுசிறு வேடங்களில் நடித்தும் வேறு வேலைகள் தேடியும் வாழ்ந்து, 1983இல் மறைந்தார். வேலையில்லாத் தொழிலாளியாக உலகமே கண்டு கண்ணீர் விட்ட அம்மனிதர், அவ்வேடத்தை வாழ்விலும் ஏற்க நேர்ந்தது.

சிறுமுதல் படங்களின் கணக்கில் இது எழுதப்படாத செலவு. புகழ்பெற்ற நடிகருக்கு நாளை மற்றொரு படம் உண்டு. அவர் ஊதியத்தைப் பேசி வாங்கவும் அறிவார். அவருக்குப் பதிலாக அமர்த்தப்படும் எளியவர் தம் முகத்தைத் தந்துவிட்டுப் பழைய வாழ்வுக்குத் திரும்ப முயல்கிறார். பழைய வாழ்வு அவரை ஏற்க மறுக்கிறது. புதுமுகத்தை அமர்த்துவதே அறம் என்று பேசுவோர் இச்செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

டி சிக்கா தாமே புகழ்பெற்ற நடிகர் என்பது மறக்கத்தக்கதன்று. பிறர் படங்களில் நடித்து ஈட்டிய பொருளைத் தம் படங்களில் இட்டவர் அவர். 1952இல் வெளிவந்த 'உம்பெர்ட்டோ டி' படத்தில், ஓய்வூதியம் போதாமல் தவிக்கும் முதியவராகக் கார்லோ பத்திஸ்தி என்பவரை நடிக்கவைத்தார். அவர் நடிகரல்லர், பிளாரன்சுப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர். அழுகைக்குத் தொல்காப்பியம் வகுத்த நிலைக்களன் நான்கனுள் அசைவு என்பது பண்டைய நிலை கெட்டு வருந்துதல். அதனை அப்பேராசிரியரின் முகம் காட்டிய அளவுக்குத் தொழில் நடிகர் பலரும் காட்டியிலர். ஆயினும் படம் வசூலில் தோற்றது. பெயர் இல்லாத முகத்தின் வலிமையும் வலிமையின்மையும் ஒருங்கே விளங்கிய இடம் இது.

பெயர் படத்தை மறைத்தல்

ரோசெல்லினிக்கும் வேறொரு பாடம் காத்திருந்தது. 'ரோம், திறந்த நகரம்' படத்தைக் கண்டு வியந்த இங்கிரிட் பெர்க்மன், 1948இல் தாமே கடிதம் எழுதி அவருடைய படத்தில் நடிக்க விரும்பினார். ஹாலிவுட்டின் உச்சியில் நின்ற நடிகை அவர். பெயர் வந்ததும் அமெரிக்கப் படநிலையத்தின் பணமும் வந்தது. எரிமலைத் தீவான ஸ்திரொம்போலியில் 1949இல் படப்பிடிப்பு நடந்தது. படம் வெளியாகுமுன்பே இயக்குநரும் நடிகையும் காதல் கொண்ட செய்தி உலகெங்கும் பரவியது. 1950இல் அமெரிக்க மேலவையிலேயே அந்நடிகை கண்டிக்கப்பட்டார். மக்கள் பேசியது நடிகையைப் பற்றி; படத்தைப் பற்றியன்று. அமெரிக்காவில் படம் தோல்வியுற்றது. அதன் அருமையைத் திறனாய்வாளர் உணரப் பல்லாண்டு ஆயிற்று. கலவையில் ஓர் உலோகம் அளவு மீறினால் மற்றவை இருக்குமிடம் தெரியாமற் போகும் என்பதை ஸ்திரொம்போலி காட்டியது.

கல்கத்தாவில்

1950இல் விளம்பர நிறுவன அலுவலாக லண்டன் சென்ற சத்தியஜித் ராய் அங்கே 'சைக்கிள் திருடர்கள்' படத்தைக் கண்டார். தாம் எடுக்க எண்ணியிருந்த 'பதேர் பாஞ்சாலி'யைப் பெயர்பெற்ற நடிகரின்றி, உண்மையான இடங்களிலேயே எடுக்கலாம் என்னும் துணிவு அவருக்குப் பிறந்தது. 1952இல் தொடங்கிய படம் முதல் இன்றிப் பலமுறை நின்று, மனைவியின் நகைகளும் அடகுக்குப் போய், மேற்கு வங்க அரசின் உதவியால் 1955இல் நிறைவுற்றது.

அங்கும் கலவை முறையே பின்பற்றப்பட்டது. தந்தையாக நடித்த கானு பானர்ஜி திரையில் பழகிய நடிகர். தாயாக நடித்த கருணா பானர்ஜி பொழுதுபோக்கு நாடகங்களில் நடித்தவர். சிறுவன் முற்றிலும் புதியவன். முதிய அத்தையாக வந்த சுனிபாலா தேவி ஒரு காலத்தில் மேடையில் விளங்கி, உலகத்தால் மறக்கப்பட்டுக் கிடந்த எண்பது வயது மூதாட்டி. மறக்கப்பட்ட புகழுக்கு ஊதியம் குறைவு, கலையோ குறையாதது. தமிழில் 1988இல் பாலு மகேந்திரா எடுத்த 'வீடு' படத்தில், பழைய நாடக மேடைக் கலைஞரான சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக நடித்து நெஞ்சை உருக்கியதும் இவ்வழியே.

பெயரற்றவரோடு தொடங்கிய ராய், 1966இல் 'நாயக்' படத்திற்கு வங்காளத் திரையின் முதல் நட்சத்திரமான உத்தம் குமாரை அமர்த்தினார். பரிசு பெறுவதற்காகத் தில்லிக்கு ரயிலில் செல்லும் ஒரு திரை நட்சத்திரத்தின் உள்ளச் சோர்வே கதை. அங்கே அப்பெயர், கதையின் பொருளே ஆயிற்று. அப்பாத்திரத்தைப் புதுமுகத்திடம் கொடுத்திருந்தால் கதை நொண்டியிருக்கும்.

சென்னையில்

தமிழ்நாட்டில் இச்சிக்கலைத் தம் முதலிரு படங்களில் இரு விதமாகத் தீர்த்துக் காட்டியவர் எழுத்தாளர் ஜெயகாந்தன். தம் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தாமே இயக்கி 1965இல் வெளியிட்டார். சென்னைச் சேரியில் வாழும் தங்கம் என்னும் சித்தாள், அவள் மகன் சிட்டி, கிளி சோதிடம் பார்க்கும் மாணிக்கம் ஆகியோரின் கதை அது. பெயர்பெற்ற நட்சத்திரம் ஒருவரும் அதில் இல்லை. தங்கமாக நடித்த காந்திமதி அக்காலத்தில் திரைக்குப் புதியவர். 1964ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் திரைப்பட விருதுகளில் அப்படம் சிறப்பிடம் பெற்றது. வழக்கமான திரையரங்குகளின் வாயிலோ அதற்கு அகலத் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டே ஜெயகாந்தன் 'யாருக்காக அழுதான்?' என்னும் தம் குறுநாவலைப் படமாக்கினார். இம்முறை அவர் அமர்த்தியவர் நாகேஷ். 1964இல் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்', 1965இல் 'திருவிளையாடல்' எனத் தமிழ்நாட்டையே சிரிப்பில் ஆழ்த்திக்கொண்டிருந்த நாகேஷ், இப்படத்தில் ஒரு விடுதியில் பணிபுரியும் ஜோசப். செய்யாத திருட்டு அவன்மேல் சுமத்தப்படுகிறது, அடிக்கிறார்கள், அவன் வாய் திறப்பதில்லை. கதையின் பெரும்பகுதி அவ்விடுதிக்குள்ளேயே நிகழ்வதால் பெரிய அரங்கமைப்புகளுக்குத் தேவையில்லை. காந்திமதியும் இப்படத்தில் இருந்தார், எஸ். வி. சகஸ்ரநாமம், டி. எஸ். பாலையா போன்ற நாடக மேடையில் தேர்ந்தவரும் இருந்தனர்.

ரோமில் பாப்ரீசிக்கு நேர்ந்ததே சென்னையில் நாகேஷுக்கும் நேர்ந்தது. நாகேஷ் வாய் திறந்தால் சிரிப்பு வரும் என்று காத்திருந்த மக்கள் முன் அவர் வாய் திறவாமல் நின்றார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் அழுகையின் நிலைக்களன்களுள் முதலாவதாகிய இளிவு, பிறரால் இகழப்பட்டு எளியனாதல். அதனைக் காட்டுவதற்கு, மக்கள் எப்போதும் பார்த்துச் சிரித்த முகத்தைவிடப் பொருத்தமான முகம் ஏது? ஜோசப்பை இகழ்வோர் திரையில் சிலர். அவனைக் கண்டவுடன் சிரிக்க ஆயத்தமாக அமர்ந்திருந்தோர் அரங்கில் பலர். அவன் அழுதபோது, சிரிக்க வந்தவரும் அவ்விகழ்ச்சியில் தமக்குள்ள பங்கை உணர நேர்ந்தது. புதுமுகம் ஒருவரால் இப்பயன் விளைந்திராது.

கணக்கு

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், புகழ்பெற்ற நடிகரின் பெயர் சிறுமுதல் படத்தில் மூன்று பணிகளைச் செய்வது புலனாகும். முதலாவது, ஈடாதல், அதாவது பணம் உடையவனின் அச்சத்தைப் போக்குதல். அமெரிக்காவில் 1992இல் வெளிவந்த 'ரெசர்வாயர் டாக்ஸ்' என்னும் படம், முதலில் நண்பர்களை நடிக்கவைத்துச் சில ஆயிரம் டாலரில் எடுக்கக் கருதப்பட்டது. ஹார்வி கைட்டெல் என்னும் தேர்ந்த நடிகர் கதையைப் படித்து நடிக்க இசைந்து, தயாரிப்பிலும் பங்கேற்ற பின்னரே பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட முதல் திரண்டது. ரோமில் பெல்லினி தூது சென்ற கதையின் மறுபதிப்பே இது. இரண்டாவது பணி, அழைப்பாதல். அதாவது மக்களை அரங்கின் வாயிலுக்குக் கொண்டுவருதல். மூன்றாவது, பொருளாதல், அதாவது அந்நடிகரைப் பற்றி மக்கள் மனத்தில் ஏற்கெனவே படிந்துள்ள நினைவைக் கதையின் உணர்ச்சிக்கு உரமாக்குதல்.

முதலிரண்டு பணிகளையும் பணம் கொடுத்து வாங்கலாம். மூன்றாவதனை வாங்க இயலாது. இயக்குநனே அதனை ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஈட்டுக்கும் அழைப்புக்கும் மட்டும் நடிகரை நாடியவர், அவருடைய பெயரைச் சுவரொட்டியில் பெரிதாக அச்சிட்டுவிட்டுக் கதையை அவருக்காக வளைத்தனர். ரோசெல்லினியோ தம் நடிகையைப் பாதிக் கதையில் தெருவில் வீழ்த்தினார். ஜெயகாந்தன் தம் நடிகரின் வாயை அடைத்தார். அந்நடிகர்களும் அதற்கு இசைந்தனர். தம் புகழைப் பிறர் கதைக்குக் கொடுக்கத் துணிந்த அவ்விசைவையும் சேர்த்தே அவர்கள் கலையை மதிப்பிடல் வேண்டும்.

பள்ளி ஆண்டுவிழா நாடகங்களில், எப்போதும் கோமாளி வேடமே ஏற்கும் மாணவன் ஒருவன் இருப்பான். எப்போதும் கூட்டத்தோடு நிற்கும் மாணவனும் இருப்பான். முன்னவனுக்கு ஒருமுறை துயர வேடமும், பின்னவனுக்கு ஒருமுறை முதன்மை வேடமும் கொடுத்துப் பார்ப்பது ஆசிரியர் கையில் உள்ளது. விழா முடிந்து திரை இறங்கிய பின்னர், மறுநாள் வகுப்பில் அப்பின்னவனை மறவாமல் பெயர் சொல்லி அழைப்பதும் அவர் கையிலேயே உள்ளது. மாஜொரானிக்கு வாய்க்காமற் போனது அதுதான்.